கண்ணாடிக் கடலில் காக்கைச் சோறு

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் கட்டடம். அதன் மூன்றாவது மாடியில் வெங்கடராமன் என்றொருவர் இருக்கிறார். அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒன்றுமில்லாததை இவ்வளவு பெருமையோடு சுமந்து திரிகிற மனிதர் வேறொருவர் இந்தப் பம்பாயில் கிடையாது. அதனால்தான் எழுதவேண்டியிருக்கிறது.

பிறந்து வளர்ந்தது மாதுங்காவில். பூர்வீகம் பாலக்காட்டுப் பக்கம். அந்த ஊரை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் யார் வீட்டு அவியலைச் சாப்பிட்டாலும் "எங்க பக்கத்து ருசி வராது" என்று சொல்லத் தவறமாட்டார். கோட்டைப் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் ஆயுள் முழுக்க உத்தியோகம். கீழேயிருந்து வந்த காகிதத்தை மேலே அனுப்பினார்; மேலேயிருந்து வந்ததைக் கீழே அனுப்பினார். நடுவில் அவர் இல்லாமலிருந்தால் காகிதம் இன்னும் சீக்கிரம் போயிருக்கும் என்பது அவருடைய பிரிவுபசாரத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு மனிதருக்கு வித்தைகள் பெருகின. முதலில் ஹோமியோபதி. கட்டடத்து வாட்ச்மேனுக்கு இருமலுக்கு மருந்து கொடுத்தார். இருமல் அப்படியே இருந்தது, தலைமுடி கொட்டிவிட்டது. பிறகு குட்டை மரம் வளர்ப்பது. அவர் வளர்த்த ஆலமரம் குட்டையாக இல்லாமல் சாக்கடைக் குழாயைப் பிளந்துகொண்டு இரண்டாவது மாடிக் குளியலறையில் எட்டிப் பார்த்தது. நம்பாதவர்கள் அந்த வீட்டுப் பூச்சைப் போய்ப் பார்க்கலாம். எதையும் கற்றுக்கொள்வதற்கு முன்பே மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிடுவார். கற்றுக்கொள்ள வேண்டிய கட்டம் வரும்போது அடுத்த வித்தைக்குப் போய்விடுவார்.

அப்படித்தான் கடல் வந்தது.

கடல் என்றால் உப்புத்தண்ணீர் மீன்தொட்டி. வெறும் மீன் இல்லை. கல், பவழம், நீல விளக்கு, ஓயாமல் அலையடிக்கிற மோட்டார் எல்லாம் சேர்ந்தது. அதைக் கொண்டுவந்து ஹாலின் நீளச் சுவரை ஒட்டி நிறுத்தினார். அந்த வீட்டில் இருக்கிற ஒரே நீளச் சுவர் அதுதான். அது அவருடைய மனைவி வாலாம்பாளின் கொலுச் சுவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நவராத்திரிக்கு அங்கேதான் படிகட்டிப் பொம்மை வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா கொடுத்த மரப்பாச்சி ஜோடி, மூக்குடைந்த தசாவதாரம், ஒற்றைக் காது யானை எல்லாம் அதில் உண்டு.

"ஒரு வருஷம் பொறுத்துக்கோ வாலாம்பா. செட் ஆனதும் உள் ரூமுக்கு மாத்திடறேன்" என்றார் வெங்கடராமன்.

பொம்மைகள் பரணுக்குப் போயின. அந்த ஒரு வருஷம் முடிந்து அடுத்ததும் முடிந்தது. வாலாம்பாள் நவராத்திரிக்கு அடுத்தவர் வீட்டுக் கொலுவுக்குப் போய்ச் சுண்டல் வாங்கி வந்தாள். வாங்குகிற கையாக ஆகிவிட்டதை அவள் மறக்கவில்லை.

இனி அந்தக் கடலில் முளைத்த களைக்கு வருவோம். தாராவியில் அஸாருதீன் என்பவன் மீன்கடை வைத்திருக்கிறான். பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. வாய் சர்க்கரை, தராசு இரும்பு. வெங்கடராமன் கடைக்குள் காலெடுத்து வைத்தால் அஸாருதீனுக்குப் பெருநாள்.

"வாங்க ஸார். ஒங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், வேற கஸ்டமருக்குக் காட்டக்கூட இல்ல. இது பேரு ஸீனியா. பவழம்தான், ஆனா கல்லு கெடையாது, பூ மாதிரி மெத்துனு இருக்கும். கையை விரிச்சு விரிச்சு மூடுதா பாருங்க! உங்களைப் பாத்துச் சலாம் போடுது ஸார்."

தம்மைப் பார்த்து எது சலாம் போட்டாலும் வெங்கடராமன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். பணம் கைமாறிய பிறகு அஸாருதீன் குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொன்னான்.

"ஒரு சங்கதி ஸார். இத நடுப்பாறையில ஒட்டிராதிய. தனிக் கல்லுல வச்சு மணல்ல ஓரமா ஒதுக்கிப் போடுங்க. பாறையில ஏறிட்டுன்னா பெறகு இறங்காது."

"அஸாருதீன், நான் இதைப் பத்தி நிறையப் படிச்சிருக்கேன்" என்றார் வெங்கடராமன். படித்திருந்தார். வாட்ஸப்பில்.

வீட்டுக்கு வந்து நடுப்பாறையின் உச்சியில், விளக்குக்கு நேர் கீழே ஒட்டினார். விருந்தாளியை ஓரத்தில் உட்காரவைக்கலாமோ? அது நன்றாகவே உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச காலத்திலேயே பாறை முழுக்கப் பரவியது. பக்கத்தில் இருந்த கடினமான பவழங்களின் மேல் சாய்ந்து வெளிச்சத்தை மறைத்தது. பின்கண்ணாடியில் ஏறியது. தண்ணீர் வருகிற குழாயின் வாயைச் சுற்றித் தாடி மாதிரி முளைத்தது. ஒரு நத்தையின் முதுகில் ஒட்டிக்கொண்டு தொட்டியெங்கும் சவாரி செய்தது. அந்த நத்தை பாரம் தாங்காமல் பெருமூச்சு விட்டதை வாலாம்பாள் தன் காதால் கேட்டாள். எங்கு பார்த்தாலும் வெளிர்ச் சாம்பல் நிறத்தில் ஆயிரம் குட்டிக் கைகள் திறந்து மூடின.

வெங்கடராமன் கத்தரிக்கோல் எடுத்தார். நகம் வெட்டுகிற கத்தரி. கறிவேப்பிலைச் செடியை நறுக்குவதுபோல் தொட்டிக்குள் கைவிட்டு நறுக்கித் தள்ளினார். மோட்டார் அலையில் துண்டுகள் பறந்து எந்தெந்தக் கல்லில் இடம் காலியாக இருந்ததோ அங்கெல்லாம் போய் ஒட்டின. ஒவ்வொரு துண்டும் ஒரு குடும்பமாயிற்று. அடியோடு உரித்து எடுக்காமல் தலையைக் கிள்ளினால் அது தண்டனையில்லை, பதியம். அதை அஸாருதீன் சொன்னபோது வெங்கடராமன் அதற்கும் "படிச்சிருக்கேன்" என்றார்.

பிறகு அஸாருதீன் இந்தக் களையைத் தின்னும் என்று சொல்லி மஞ்சள் நிறத்தில் ஒரு மீனை விற்றான். அது ஸீனியாவை முகர்ந்து பார்த்தது. பிறகு திரும்பிப்போய், வெங்கடராமன் மிகவும் மெச்சிக்கொண்டிருந்த கடினப் பவழத்தைக் காலைப் பலகாரமாகச் சாப்பிட்டுவிட்டது. சுவைக்கிற விஷயத்தில் அந்த வீட்டில் நியாயமாக நடந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான்.

இவ்வளவு வளர்ச்சிக்குக் காரணம் என்ன? அது அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருத்திக்குத் தெரியும்.

வெங்கடராமன் சாப்பாட்டில் உட்காருவதற்கு முன் காக்கைக்குச் சோறு வைத்தாக வேண்டும். அதில் அவர் கண்டிப்பு. காக்கை முன்னோர், முன்னோர் உண்ணாமல் பின்னோர் உண்ணலாகாது. நெய்யும் பருப்பும் விட்டுப் பிசைந்த ஒரு உருண்டை. பிசைவது வாலாம்பாள், வைப்பது மட்டும் அவர். ஆனால் பால்கனியில் புறாத் தொல்லை என்று சொல்லி வலை அடித்தவரும் அவரே. வலை வந்ததும் காக்கை நின்றது. மொட்டை மாடிக்குப் போய் வைக்கலாம். லிஃப்ட் நாலாவது மாடியோடு நின்றுவிடும், மேலே படி ஏறவேண்டும். முன்னோருக்காக அத்தனை படி ஏறுவதா? யோசித்தார். யோசித்து, சோற்றுருண்டையைத் தொட்டியில் போட்டார். மீன்கள் பாய்ந்து வந்து தின்றன.

"மச்சாவதாரம்தானே முதல் அவதாரம்? காக்காயைக் காட்டிலும் மீன் ஒசத்தி. பித்ருக்களுக்கு இதுவே திருப்தி" என்று வாலாம்பாளுக்கு விளக்கமும் சொன்னார்.

தினம் தினம் நெய்ச்சோறு. மீன் தின்றது போக மிஞ்சியது கல்லிடுக்கில் அழுகித் தண்ணீரில் கரைந்தது.

ஒரு நாள் அஸாருதீன் வீட்டுக்கே வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான்.

"ஸார், தண்ணியில சத்து எக்கச்சக்கமா ஏறிக்கெடக்கு. அதத் தின்னுதான் இது இப்படி மதமதன்னு நிக்கி. மீனுக்கு என்ன போடுதிய?"

"அளந்து போடறேன். நாளைக்கு ஒரு சிட்டிகை."

"வேற ஏதாச்சும் உள்ள விழுதா?"

"என்னை என்ன படிக்காதவன்னு நினைச்சியா? வேற ஒண்ணும் போடறதில்லை."

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் பரிதாபம். மீனுக்குப் போடுவது தீனி, முன்னோருக்குப் போடுவது படையல். படையலை யாராவது தீனிக் கணக்கில் சேர்ப்பார்களா? அந்தச் சோறு அவர் கையிலிருந்து கீழே விழுகிறபோதே பித்ருலோகம் போய்விடுகிறது. தண்ணீரில் எப்படிக் கரையும்?

"அப்ப ஒரே வழிதான் ஸார். கல்லை வெளிய எடுத்து, அடியோட உரிச்சு, பால்கனியில வெயில்ல நல்லாக் காயப் போடுங்க. கொஞ்சம் நாறும். பொறுத்துக்கிடணும்."

"கைலிய மடிச்சுக் கட்டிண்டு நான் கல்லுச் சுரண்டணுமா? வேற உபாயம் சொல்லு."

"சுண்ணாம்பு இருக்கு ஸார். குழைச்சு, ஊசியில்லாத சிரிஞ்சில எடுத்து, அது தலையில பொட்டு மாதிரி வைக்கணும். ஒரு நாளைக்கு நாலஞ்சு பொட்டுத்தான். மோட்டார நிப்பாட்டிட்டு வைக்கணும். கூடப் போச்சோ, மீனு மேல வந்து மெதக்கும்."

வாலாம்பாள் சமையலறை வாசலில் நின்று இத்தனையையும் கேட்டாள். மறுநாளிலிருந்து காக்கைச் சோற்றில் நெய் இன்னொரு கரண்டி கூடிற்று.

நவராத்திரி நெருங்கியது. நெருளில் இருக்கிற மகன் கண்ணாவும் மருமகள் ஸ்மிதாவும் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, வெங்கடராமன் பவழ வளர்ப்பைப் பற்றி அவர்களுக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஸ்மிதா தொட்டியைப் பார்த்து, "அப்பா, காலிஃப்ளவர் கார்டன் மாதிரி இருக்கே, ஏக்தம் ஃபுல்!" என்றாள். பாராட்டு என்று நினைத்துச் சொன்னாள், பாவம்.

அப்போதுதான் வாலாம்பாள் பேசினாள்.

"இதோ பாருங்கோ. குழந்தைகள் ரெண்டு பேரும் சாட்சி. மஹாளய அமாவாசைக்கு மறுநாள் நான் கொலு வெச்சாகணும். அமாவாசைக்குள்ள அந்தக் களையை ஒழிச்சுக் காட்டுங்கோ. காட்டிட்டேள்னா தொட்டி அங்கேயே இருக்கட்டும்; என் ஆயுசுக்கும் கொலுப் பேச்சு எடுக்கமாட்டேன். ஒழியலைன்னா சுவர் எனக்கு."

"ஆயுசுக்குமா?" என்றார் வெங்கடராமன், ஆசையோடு.

"ஆயுசுக்கும்."

"அம்மா, பக்கா?" என்றான் கண்ணா.

"பக்கா."

வெங்கடராமனுக்கு மனதில் அன்றைக்கே வெற்றி கிடைத்தாகிவிட்டது. தினமும் நாலைந்து பொட்டு வைத்தால் அமாவாசைக்குள் பாதி தொட்டியாவது சுத்தமாகியிருக்கும். ஆனால் முதல் வாரம் முழுக்கச் சுண்ணாம்பின் ரசாயனத்தைப் பற்றி வாட்ஸப் குழுவில் தொடர் எழுதினார். அடுத்த வாரம் வந்த சந்தேகங்களுக்குப் பதில் எழுதினார். அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம்தான் தொட்டியின் நினைவு வந்தது.

ஸ்டேஷன் பக்கத்துப் பான்கடைக்குப் போய் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாக்களை மொத்தமாக வாங்கி வந்தார். பான்கடைக்காரன் இத்தனை வெற்றிலை போடுகிற வாயைப் பார்க்கவேண்டும் என்று எட்டிப் பார்த்தானாம். பொட்டு வைக்க நேரமில்லை. சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் கரண்டியால் அப்பினார். மோட்டாரை நிறுத்த மறந்தார். சுண்ணாம்பு அலையில் சுழன்று தொட்டி முழுக்க வெளுத்தது. கல் தெரியவில்லை, மீன் தெரியவில்லை, எதிரே பிடித்த கை தெரியவில்லை. கண்ணாடிக்குள் பாற்கடல். ஆதிசேஷனும் அதில் படுத்துக்கொள்ள யோசித்திருப்பான், அவ்வளவு காரம்.

"களை எங்கே? காட்டு பார்ப்போம்!" என்று அமாவாசைக் காலையில் குளித்து வந்ததும் வாலாம்பாளைக் கேட்டார் வெங்கடராமன்.

"மீன் எங்கே?" என்றாள் வாலாம்பாள்.

கண்ணாவும் ஸ்மிதாவும் வந்துசேர்ந்தார்கள். வெங்கடராமன் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தார். சாஸ்திரிகள் வருவதில்லை, மந்திரம் செல்போனில். பாட்டனார் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் பற்பசை விளம்பரம் வந்தது. அவர் எள்ளும் தண்ணீரும் விட்டபடியே அதையும் சிரத்தையாகக் கேட்டார். அமாவாசைக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. காலையில் காபியோடு சரி. சமையலறையிலிருந்து வடை வாசனையும் பாயச வாசனையும் வந்துகொண்டிருந்தன. வெங்கடராமனுடைய பக்தி முழுக்க மூக்குக்கு வந்துவிட்டது.

தர்ப்பணம் முடிந்து இலை போட்டாயிற்று. வாலாம்பாள் உருண்டையைப் பிசைந்து, அதன் மேல் ஒரு வடையைக் கிள்ளி வைத்து, கையில் கொடுத்தாள். வெங்கடராமன் தொட்டிக்குப் போய்ப் போட்டார். உருண்டை பாலில் விழுந்த கல்லாக மறைந்தது. ஒரு மீனும் வரவில்லை. இலைக்குத் திரும்பி உட்கார்ந்து, "பரிமாறு" என்றார்.

வாலாம்பாள் கரண்டியை எடுக்கவில்லை. "சாப்பிட்டாளா?"

"யாரு?"

"உங்க அப்பா, தாத்தா. அவா சாப்பிடாம நாம சாப்பிடலாமோ? நீங்க சொன்னதுதானே!"

"தின்னிருக்கும். தண்ணி கலங்கியிருக்கு, அதான் தெரியலை."

"எனக்குத் தெரியணும். அமாவாசையும் அதுவுமா!"

வெங்கடராமன் எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டினார். தொட்டியின் மூலையில் குழாயடியில் இரண்டு மீன்கள் மூச்சுவாங்கிக்கொண்டு கிடந்தன. சோறு அவற்றின் நினைப்பிலேயே இல்லை. திரும்பி வந்தார். உட்கார்ந்தார். இலையைப் பார்த்தார். பாயசத்தைப் பார்த்தார். மறுபடி எழுந்து போய்த் தட்டினார்.

"அப்பா, பூக் லகி ஹை, பசி தாங்கலை" என்றான் கண்ணா. "அம்மா, மீனுக்கு அப்புறமா குடுத்துக்கலாம், நீ போடு."

"போடலாமோடா? மீன்தான் காக்காய். காக்காயைக் காட்டிலும் ஒசத்தி. கேளு உங்கப்பாவை."

"சாஸ்திரத்துல இதுக்கெல்லாம் விதிவிலக்கு உண்டு" என்றார் வெங்கடராமன்.

"எந்த சாஸ்திரத்துல? வாட்ஸப்லயா?"

வெயில் ஜன்னலில் இறங்கியது. வடை ஆறிற்று. பாயசத்தின் மேல் ஏடு படிந்தது. ஏடு படிவதை இத்தனை துக்கத்தோடு வேறெந்த மனிதரும் பார்த்திருக்கமாட்டார். ஏதோ ஒரு கட்டத்தில் வயிறு வித்வானை ஜெயித்தது.

"மீன் எப்படிடீ காக்காயாகும்!" என்று வெங்கடராமன் கத்தினார். எங்கள் மாடிவரைக்கும் கேட்டது.

வாலாம்பாள் மெதுவாகக் கேட்டாள். "அப்போ இத்தனை வருஷமா போட்டது?"

கண்ணாதான் விழித்துக்கொண்டான்.

"ஒரு நிமிஷம். அப்பா, டெய்லி இதுல சோறு போட்டேளா? நெய்யோடயா? அரே, அதைத் தின்னுதானே அந்தக் களை வளந்திருக்கு! நீங்களே வளத்துட்டு நீங்களே வெட்டிண்டிருந்தேளா?"

ஸ்மிதா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

வெங்கடராமன் வடை வைத்த புது உருண்டையை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். நாலாவது மாடிவரை லிஃப்ட், பிறகு படி. படியேறும்போது அவர் விட்ட மூச்சைக் கேட்டு நாலாவது மாடிக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். மேலே நின்றுகொண்டு "கா கா" என்று கத்தினார். வருஷக் கணக்கில் எட்டிப் பார்க்காதவர் வீட்டுச் சோற்றுக்கு எந்தக் காக்கை வரும்? தண்ணீர்த் தொட்டியின் மேல் ஐந்தாறு காக்கைகள் உட்கார்ந்து கூடிப் பேசின. ஒன்று அவரை ஒரு கண்ணால் பார்த்தது. போதாமல் தலையைத் திருப்பி மறுகண்ணாலும் பார்த்தது. வெகுநேரம் கழித்து ஒரு கிழட்டுக் காக்கை இறங்கி வந்து வடையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று. சோற்றைச் சீந்தவில்லை. அவருடைய தாத்தாவேதான், அவருக்கும் இவர்மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது என்று கேள்வி.

அவர் சாப்பிட்டு ஏப்பம் விட்டு எழுந்தபோது தொட்டியில் பால் தெளிய ஆரம்பித்திருந்தது. எல்லோரும் போய் நின்றார்கள். முதலில் கல்லின் விளிம்பு தெரிந்தது. வெள்ளை மூடி, செத்த தோலாகச் சில இடங்கள் தெரிந்தன. வெங்கடராமன் மார்பை நிமிர்த்தினார். பிறகு குழாயடியிலும் கல்லிடுக்கிலும் பின்கண்ணாடியிலும் குட்டிக் கைகள் ஒவ்வொன்றாக விரிந்தன, மூடின. நத்தையும் வந்தது, முதுகுப் பாரத்தோடு.

"சலாம் போடறது, பாருங்கோ" என்றாள் வாலாம்பாள்.

அன்று சாயங்காலமே அஸாருதீன் டிரம்மும் டெம்போவுமாக வந்து நின்றான். அவனுக்கு யார் போன் செய்தார்கள் என்று வெங்கடராமன் கேட்கவில்லை; காலையிலேயே செய்தாயிற்று என்று வாலாம்பாளும் சொல்லவில்லை. மீனையும் கல்லையும் ஸீனியாவோடு அப்படியே அள்ளிக்கொண்டு போனான். அடுத்த வாரமே மாதுங்காவில் யாரோ ஒரு ரிடயர்ட் ஆசாமியிடம் அதைக் "கடல் தாமரை" என்று விற்றுவிட்டதாகத் தகவல். அந்த ஆசாமியும் நிறையப் படித்திருக்கிறாராம்.

அமாவாசைக்கு மறுநாளே நீளச் சுவரில் படி எழுந்தது. மரப்பாச்சி ஜோடி மேல்படியில் நின்றது, மூக்குடைந்த அவதாரங்கள் வரிசையில் அமர்ந்தன, ஒற்றைக் காது யானை பழைய இடத்துக்கே வந்தது. நவராத்திரி முழுக்க வாலாம்பாள் எங்களுக்கெல்லாம் சுண்டல் கொடுத்தாள். கொடுக்கிற கையாக. அவள் பக்கத்தில் வெங்கடராமன் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம், "நான்தான் தொட்டியை எடுத்துடலாம்னேன். பாரம்பரியம்னு ஒண்ணு இருக்கோல்லியோ?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாலாம்பாள் அவருக்கும் ஒரு தொன்னை சுண்டல் கொடுத்தாள், வாயை அடைக்க.

ஒரே ஒரு தொந்தரவு. அந்தக் கிழட்டுக் காக்கை அவர் முகத்தை மறக்கவில்லை. உச்சிவேளை ஆனால் பால்கனி வலைக்கு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டு, அவர் வடையோடு படியேறுகிறவரைக்கும் கத்துகிறது. ஒரு நாள் அவர் சாக்குச் சொல்லி மாதுங்காவுக்குக் கிளம்பியபோது ஹார்பர் லைன் ரயிலின் கூரைமேலேயே உட்கார்ந்து வடாலாவரைக்கும் போனதாம். அங்கே இறங்கியவர் அடுத்த வண்டியில் திரும்பி வந்து படியேறினார்.